பிடியைப் பார்த்தார்கள், வெடியைப் பார்த்தார்களா?

சென்ற ஞாயிறு மாலை எங்கள் பகுதிப் படிப்பகத்திலே ஒரு தோழர், கடைசல் பட்டறையில் வேலை செய்பவர், என்னிடம் ஒரு படத்தை நீட்டினார். "அண்ணே! இது துப்பாக்கியா, சுவரிலே துளை போடும் யந்திரமா? விசை நடுவிலே இருக்கிறது. தோட்டாப் பெட்டி அதற்குப் பின்னாலே, தோளுக்குப் பக்கத்திலே தொங்குகிறது. மாற்றிப் பூட்டிவிட்டார்களா?" என்று கேட்டார். படத்தின் அடியிலே, 'விளையாட்டுக்கான ரைபிள்' என்று அச்சிட்டிருந்தது. "விளையாட்டு என்கிறார்களே, எந்த விளையாட்டு?" என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதற் கேள்விக்கு ஒரு குவளைத் தேநீர் ஆறுவதற்குள் விடை சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு அமெரிக்க நாட்டுச் சர்க்கார் 1968ஆம் ஆண்டு தொட்டு விடை தேடிக்கொண்டிருக்கிறது, இன்னும் கிடைத்தபாடில்லை!

நமக்கேன் அந்த ஊர்க் கதை என்று சிலர் கேட்கலாம். கேட்கட்டும். சட்டத்தால் வாழ்பவனும் உழைப்பாளி. சட்டத்தால் வீழ்பவனும் உழைப்பாளி. ஆகவே சட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியவனும் அவனே. ஒரு சட்டம் எப்படிப் பிறக்கிறது, எந்த இடத்தில் வளைகிறது, வளைந்த பிறகு யார் வாழ்கிறார்கள், யார் சாகிறார்கள் என்பதைக் கற்க, இந்த விந்தைத் துப்பாக்கியைவிடத் தெளிவான பாடம் எளிதில் கிடைக்காது.

முதலில் துப்பாக்கியைப் பார்ப்போம். பிறகு சட்டத்தைப் பார்ப்போம்.

இதன் பெயர் 'புல்பப்'. ஒரு கம்பெனியின் பெயரல்ல இது. ஓர் அமைப்பு முறையின் பெயர். வழக்கமான ரைபிளை மனக்கண்ணில் நிறுத்துங்கள். முன்னே குழல். அதை அடுத்து, தோட்டாவை ஏற்றி வெடிக்கச் செய்யும் பொறி. பொறியின் கீழே தோட்டாப் பெட்டி. அதற்குப் பின்னே விசை. கடைசியில், தோளிலே அணைத்துக்கொள்ளும் கட்டை. இத்தனை நீளக் கட்டையை வெறுங்கட்டையாக விடுவானேன் என்று எண்ணினார்கள் துப்பாக்கி செய்வோர். பொறியையும் தோட்டாப் பெட்டியையும் பின்னுக்குத் தள்ளி, அந்தக் கட்டைக்குள்ளேயே அடக்கினார்கள். விசையையும் கைப்பிடியையும் முன்னுக்கு இழுத்தார்கள். குழல் ஓர் அங்குலமும் குறையவில்லை, துப்பாக்கி குட்டையாகிவிட்டது!

கணக்குச் சொல்கிறேன், பாருங்கள். அமெரிக்கப் படையினர் தூக்கிய எம்-16 ஏ2 ரைபிளுக்குக் குழல் 20 அங்குலம். மொத்த நீளம் ஏறத்தாழ 39½ அங்குலம். ஆஸ்திரிய நாட்டு ஸ்டெயர் ஏ.யு.ஜி. என்னும் புல்பப்புக்கும் குழல் அதே 20 அங்குலம். மொத்த நீளமோ 31 அங்குலம். 8½ அங்குலம் மிச்சம். குழலின் நீளம் குறைந்தால் குண்டின் வேகம் குறையும். இங்கே குழல் குறையவில்லை. ஆகவே வேகமும் குறையவில்லை. வண்டிக்குள்ளும் ஹெலிகாப்டருக்குள்ளும் நெருக்கியடித்து உட்காரும் சிப்பாய்க்கு இது வசதி. அதனால்தான் ஆஸ்திரியப் படை 1977இல் இதை ஏற்றது. பிரெஞ்சுப் படை 1978இல் ஃபாமாஸ் என்னும் புல்பப்பை ஏற்றது. பிரிட்டிஷ் படை 1985இல் எல்-85 என்பதை ஏற்றது. பிரிட்டனிலே இந்த யோசனை 1901லேயே முளைத்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த கடைசல் தோழர் சும்மா இருப்பாரா? இரும்போடு பழகியவர் ஆயிற்றே! "விசை முன்னே, பொறி பின்னே என்றால், இரண்டுக்கும் நடுவிலே ஒரு நீளக் கம்பியல்லவா ஓட வேண்டும்? அது ஆட்டம் கொடுக்குமே அண்ணே!" என்றார்.

கொடுக்கத்தான் கொடுக்கிறது. புல்பப்பின் விசை கொழகொழவென்று இருக்கிறது, குறி பார்த்துச் சுடுவோருக்கு உகந்ததாக இல்லை என்பது பழைய குறை. இன்னொன்று: வெடித்து முடிந்த வெற்றுத் தோட்டா, பொறி இருக்கும் இடத்திலிருந்துதானே வெளியே தெறிக்கும்? பொறி கன்னத்துக்கு அருகே இருக்கிறது. இடக்கைக்காரன் இடத் தோளில் வைத்துச் சுட்டால், சூடான பித்தளை அவன் முகத்திலேயே வந்து விழும். பிரிட்டிஷ் படையிலே இடக்கைக்காரரும் வலத் தோளில் வைத்துத்தான் சுட வேண்டுமென்று பழக்கினார்கள். ஆஸ்திரியத் துப்பாக்கியில் சில உறுப்புகளை மாற்றி, தோட்டா இடப்புறம் தெறிக்கும்படி செய்யலாம். பெல்ஜியத்தார் செய்த பி-90இல் வெற்றுத் தோட்டா கீழ்நோக்கி விழும். குறைகளைக் களைய இப்படி எத்தனையோ வழி தேடினார்கள். ஆயினும் பிரான்சு 2016இல் புல்பப்பைக் கைவிட்டு, வழக்கமான அமைப்புள்ள ஜெர்மன் ரைபிளைத் தேர்ந்தெடுத்தது. படைகளே இரண்டு மனமாக நிற்கும் கருவி இது!

அந்தக் கருவி எப்படி விளையாட்டுப் பொருளாயிற்று? அதுதான் சட்டத்தின் கதை.

1963ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், டல்லஸ் நகரத்துத் தெருவிலே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக் கருவி, இத்தாலியப் படை கழித்துப்போட்ட பழைய கார்கானோ ரைபிள். பத்திரிகை விளம்பரம் பார்த்து, பொய்ப்பெயர் எழுதி, தபால் மூலம் வரவழைக்கப்பட்டது. தொலைநோக்கியோடு விலை 19 டாலர் 95 சென்ட்; தபால் செலவு ஒன்றரை டாலர். ஒரு நாட்டின் தலைவனை வீழ்த்திய கருவிக்கு இவ்வளவுதான் செலவு! அதை விற்ற சிகாகோ கடையின் பெயரிலே என்ன சொல் இருந்தது தெரியுமா? 'விளையாட்டுப் பொருள்கள்' என்ற சொல்!

அதன் பிறகும் ஐந்தாண்டுகள் சட்டம் வரவில்லை. 1968 ஏப்ரல் 4இல் மெம்பிஸ் நகரத்திலே மார்ட்டின் லூதர் கிங் சாய்ந்தார். குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்துக்குத் துணை நிற்கப் போன இடத்திலே சாய்ந்தார், தோழர்களே! ஜூன் மாதத்திலே ராபர்ட் கென்னடி லாஸ் ஏஞ்சல்ஸில் வீழ்ந்தார். நாடு பதறியது. அக்டோபர் 22இல் ஜான்சன் கையெழுத்திட்டார். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது.

அந்தச் சட்டம் தபாலில் துப்பாக்கி வாங்குவதற்குத் தடை போட்டது; நல்லது. வெளிநாட்டுப் படைகள் கழித்துப்போட்ட துப்பாக்கிகள் கப்பலேறி வருவதற்கும் தடை போட்டது. மற்ற வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு ஒரு நிபந்தனை விதித்தது. விளையாட்டுக்கு ஏற்றது, அல்லது விளையாட்டுக்கு எளிதில் மாற்றிக்கொள்ளத் தக்கது என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதாக இருந்தால், உள்ளே வரலாம். இல்லாவிட்டால் துறைமுகத்தோடு திரும்ப வேண்டும். இதுதான் அந்த நிபந்தனை.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். கிங்கைக் கொன்ற துப்பாக்கி எது? அமெரிக்கக் கம்பெனி செய்த ரெமிங்டன் வேட்டை ரைபிள். ராபர்ட் கென்னடியைக் கொன்ற ரிவால்வர் எது? அதுவும் அமெரிக்கக் கம்பெனி செய்ததே. சட்டத்துக்குக் காரணமான மூன்று கொலைகளிலே இரண்டு உள்நாட்டுச் சரக்கால் நடந்தவை. 'விளையாட்டுக்கு ஏற்றதா?' என்ற கேள்வியோ வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டும்! அதிலும், வேட்டை ரைபிள் எந்தப் பரீட்சையிலும் விளையாட்டுப் பொருளாகத் தேறியிருக்கும்!

ஏன் இந்த ஓரவஞ்சனை? மலிவான வெளிநாட்டு ரைபிள் வந்து குவிவதால் அங்கே கலங்கியவர்கள் இரு சாரார். ஒரு சாரார், பிள்ளையைப் பறிகொடுக்க அஞ்சிய பெற்றோர். மற்றொரு சாரார், விற்பனையைப் பறிகொடுக்க அஞ்சிய முதலாளிகள். சட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடிய செனட்டர் டாட், கனெக்டிகட் மாநிலத்தவர். கோல்ட், வின்செஸ்டர் கம்பெனிகள் கொடிகட்டி வாழ்ந்த மாநிலம் அது. அவருடைய நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் துறைமுகக் கதவை அடைத்ததிலே உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு நட்டமில்லை என்பது, கணக்கு எழுதத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

விளையாட்டு என்றால் என்ன? சட்டம் அதற்கு விளக்கம் தரவில்லை. விளக்கும் பொறுப்பு ஓர் இலாகாவின் தலையில் விழுந்தது. மது, புகையிலை, துப்பாக்கி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கவனித்த இலாகா அது! 2003 வரை நிதித்துறையின் கீழும், அதற்குப் பிறகு நீதித்துறையின் கீழும் இருந்துவருகிறது. ஏறத்தாழ இருபதாண்டுகள் அந்த இலாகா நீளத் துப்பாக்கிகளை அதிகம் தடுக்கவில்லை. ஆஸ்திரியப் புல்பப், தானாகத் தொடர்ந்து சுடும் ஆற்றலை மட்டும் நீக்கிக்கொண்டு, விசையை இழுக்கும்போதெல்லாம் ஒரு குண்டு என்ற கணக்கில் சுடும் ரைபிளாக, உள்ளே வந்தது, கடையில் நின்றது, விலை போயிற்று.

1989 ஜனவரி 17. கலிபோர்னியா மாநிலத்து ஸ்டாக்டன் நகரம். பள்ளிக்கூடத்து மைதானத்திலே பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த நேரம். ஒருவன், சீனாவில் செய்த ஏ.கே. வகை ரைபிளோடு வந்தான். 5 பிள்ளைகள் மாண்டனர். முப்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்ட ஐவரும், கம்போடியாவிலும் வியட்நாமிலும் போருக்குத் தப்பி, வாழ்வு தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். எந்த வெடிச் சத்தத்துக்கு அஞ்சிக் கடல் கடந்தார்களோ, அதே சத்தம் பள்ளிக்கூடத்து வாசலிலே அவர்களைத் தேடி வந்தது!

நாடு மீண்டும் பதறியது. அன்றைய தலைவர் மூத்த புஷ், துப்பாக்கிப் பிரியர்களின் நண்பர். அவருடைய சர்க்காரே மார்ச் மாதத்தில் இறக்குமதியை நிறுத்தி வைத்தது. ஜூலையில் இலாகா ஓர் அறிக்கை வெளியிட்டு, 43 வகை ரைபிள்களைத் தள்ளுபடி செய்தது. ஆஸ்திரியப் புல்பப்பும் பிரெஞ்சுப் புல்பப்பும் அந்தப் பட்டியலிலே இருந்தன.

எந்த அளவுகோலால் அளந்தார்கள்? படைத் துப்பாக்கிக்குரிய அடையாளங்கள் என்று ஒரு வரிசை எழுதினார்கள். கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டி, மடங்கும் கட்டை, தனிக் கைப்பிடி, பயனெட் மாட்டும் முனை, நெருப்புப் பொறியை மறைக்கும் குழல்மூடி, தாங்கி நிற்கும் இரண்டு கால்கள், எறிகுண்டு செலுத்தும் அமைப்பு, இருட்டில் குறி பார்க்கும் கருவி. விளையாட்டு என்றால் வேட்டையும் போட்டிச் சுடுதலும்தான். தகர டப்பாவை வைத்துச் சுட்டுப் பொழுது போக்குவது விளையாட்டில் சேராது என்றும் தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்த அளவுகோலைப் புல்பப்பின் மீது வைத்துப் பாருங்கள். மடங்கும் கட்டை உண்டா? இருக்க முடியாது, கட்டைக்குள்ளேதானே பொறி இருக்கிறது! மடக்கினால் துப்பாக்கியே மடங்கிவிடும். மடக்காமலே குட்டையாக இருப்பதுதான் அதன் தந்திரம். ஆக, அந்தக் கேள்வியில் அது குற்றமற்றது. தனிக் கைப்பிடி உண்டா? இல்லாமல் முடியாது! வேட்டை ரைபிளில் விசைக்குப் பின்னே கட்டை வளைந்து ஓடும். கை அதையே பிடித்துக்கொள்ளும். புல்பப்பில் விசைக்குப் பின்னே தோட்டாப் பெட்டி தொங்குகிறது. கைக்குத் தனிப்பிடி வைத்தே ஆக வேண்டும். ஆக, அந்தக் கேள்வியில் அது குற்றவாளி. எது அதன் தனி ஆற்றலோ, அதாவது நீளக் குழலின் வேகத்தைக் குட்டை உடம்பில் ஒளித்துவைக்கும் ஆற்றல், அதைப் பற்றி அந்த வரிசையிலே கேள்வியே இல்லை! திருடனைப் பிடிக்கப் போன காவலர், திருடனுடைய மீசையை மட்டும் அளந்து குறித்துக்கொண்டு திரும்பியது போலாயிற்று.

நீளம் பற்றிய கேள்வி வேறொரு சட்டத்தில் இருக்கிறது. 1934இல், கோட்டுக்குள் மறைக்கத்தக்க துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் அது. இன்றைய அளவுப்படி, குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, அந்த ரைபிளைப் பதிவு செய்தாக வேண்டும். 200 டாலர் வரியும் இருந்தது. 2026 ஜனவரி முதல் அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். பதிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. இஸ்ரேலியர் அமெரிக்கக் கடைகளுக்கென்று செய்த டாவோர் என்னும் புல்பப்பின் குழல் 16½ அங்குலம். மொத்த நீளம் 26 அங்குலமும் ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கும்! சட்டம் கோடு கிழித்தது. கம்பெனி அந்தக் கோட்டை முத்தமிட்டுக்கொண்டு நிற்கிறது! இதைக் குற்றமென்று சொல்ல முடியாது, சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனால், மறைக்கத்தக்க ரைபிள் வேண்டாம் என்பதுதானே அந்தக் கோட்டின் கருத்து? கோடு காப்பாற்றப்பட்டது, கருத்து கழன்றுவிட்டது.

1989 தடைக்குப் பின் என்ன நடந்தது? நகைப்புக்குரிய நாடகம் நடந்தது. தனிக் கைப்பிடி கூடாது என்றார்களா? கைப்பிடியைக் கட்டையோடு சேர்த்து ஒட்டி, நடுவிலே கட்டைவிரல் நுழைய ஒரு துளை போட்டார்கள். "இப்போது இது பிடியல்ல, துளையுள்ள கட்டை" என்றார்கள். பயனெட் முனையை அறுத்தார்கள், குழல்மூடியைக் கழற்றினார்கள். பொறி அதே பொறி. பெட்டி அதே பெட்டி. குண்டு அதே குண்டு. ஆஸ்திரியப் புல்பப்பும் இப்படித் துளை போட்ட கட்டையோடு, புதிய பெயர் சூட்டிக்கொண்டு, மறுபடியும் கப்பலேறி வந்தது. ஒரு துளை போட்டதும் போர்க்கருவி விளையாட்டுப் பொருளாயிற்று! காது குத்திப் பெயர் வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். கட்டையைக் குத்திப் பெயர் வைப்பதை அங்கேதான் காணலாம்!

1998இல், கிளிண்டன் காலத்தில், அந்தத் துளையையும் அடைத்தார்கள். படைக்கென்று செய்த, 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் பெரிய பெட்டியை ஏற்கும் ரைபிள் எதுவும் விளையாட்டுக்கு ஏற்றதல்ல என்று இலாகா அறிவித்தது. இது நியாயமான அளவுகோல் என்று ஒப்புக்கொள்கிறேன். பிடியை விட்டு வெடியின் பக்கம் பார்வை திரும்பியது அப்போதுதான். எத்தனை குண்டு, எவ்வளவு விரைவில் என்று கேட்டார்கள். ஆனால் அந்த நல்ல கேள்வியையும் கப்பலில் வரும் சரக்கிடம் மட்டுமே கேட்டார்கள்!

உள்நாட்டுச் சரக்கை என்ன செய்தார்கள்? 1994 செப்டம்பரில் அதற்கும் ஒரு தடைச் சட்டம் வந்தது. பத்தாண்டுக்கு மட்டும் என்று நாள் குறித்துக்கொண்டே வந்தது. 2004 செப்டம்பரில் அது காலாவதியாயிற்று, புதுப்பிக்க ஆளில்லை. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் எல்லைக்குள் தனித் தடை வைத்திருக்கின்றன. நாடு முழுமைக்கும் மிஞ்சியிருப்பது அந்த இறக்குமதித் தடைதான்.

அந்தத் தடைக்குள்ளும் ஒரு வழி இருக்கிறது. 1990இல் ஒரு சட்டம் செய்தார்கள். இறக்குமதிக்குத் தடைப்பட்ட ரைபிளை, வெளிநாட்டு உறுப்புகளைக் கொண்டுவந்து உள்நாட்டிலே பூட்டக் கூடாது என்றார்கள். சரி, எத்தனை உறுப்பு இருந்தால் அது வெளிநாட்டு ரைபிள்? இலாகா 20 உறுப்புகளைப் பட்டியலிட்டது. குழல், போல்ட், விசை, சுத்தியல், கட்டை, கைப்பிடி, தோட்டாப் பெட்டியின் உடல், அதன் அடித்தகடு என்று வரிசை போகிறது. அவற்றில் 10 வரை வெளிநாட்டு உறுப்பு இருக்கலாம். 11 இருந்தால் குற்றம்!

கடைசல் தோழர் இந்த இடத்திலே வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியானால் அடித்தகட்டை அவர்கள் ஊர்ப் பட்டறையிலே செய்து மாட்டினால், துப்பாக்கி திருந்திவிடுமா அண்ணே?" என்றார். சட்டப்படி பார்த்தால், தோழர்களே, திருந்திவிடும்! பதினோராவது உறுப்பு அயல்நாட்டுத் தகடாக இருந்தால் அது குற்றக்கருவி. அதே தகடு உள்நாட்டுத் தகடாக மாறினால் அது கடைச்சரக்கு. குண்டு பாயும் நெஞ்சுக்கு இந்த வேறுபாடு தெரியுமா?

கம்பெனிகளுக்குத் தெரிந்தது. துறைமுகக் கதவு அடைபட்டதா, தொழிற்சாலைக் கதவைத் திறந்தார்கள். ஆஸ்திரியக் கம்பெனி அலபாமா மாநிலத்திலே தளம் அமைத்தது. இஸ்ரேல் கம்பெனி பென்சில்வேனியா மாநிலத்திலே தளம் அமைத்து, 2013 முதல் தன் டாவோரை அங்கே பூட்டி விற்றது. ஃபுளோரிடாவிலும் யூட்டாவிலும் உள்நாட்டுக் கம்பெனிகளே சொந்தமாகப் புல்பப் செய்கின்றன. வெற்றுத் தோட்டா முன்புறமாக வெளியேறும்படி செய்து, இடக்கைக்காரரின் குறையையும் தீர்த்துவிட்டார்கள்! கப்பலில் வந்தால் 'போர்க்கருவி, திரும்பிப் போ!' என்ற சட்டம், தொழிற்சாலை வாசலில் வந்தால் 'வருக, வணிகம் செய்க!' என்கிறது.

அந்தத் தொழிற்சாலைகளிலே வேலை செய்யும் அமெரிக்கத் தோழனை நான் குறை கூறமாட்டேன். அவன் வயிற்றுக்கு உழைக்கிறான். அவனுக்கு வேலை கிடைத்ததிலே நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஊரைக் காக்கிறோம் என்று சொல்லிச் செய்த சட்டம், ஊரைக் காத்ததா, உற்பத்தி இடத்தை மாற்றியதா என்று கேட்கும் உரிமை அவனுக்கும் உண்டு. அவன் பிள்ளையும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தானே போகிறது!

2012 டிசம்பர் 14இல் கனெக்டிகட் மாநிலத்து நியூடவுனில், பள்ளிக்கூடத்திலே 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் மாண்டனர். கொன்ற ரைபிள் உள்நாட்டுச் சரக்கு. 2022 மே 24இல் டெக்சாஸ் மாநிலத்து உவால்டேயில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் மாண்டனர். கொன்ற ரைபிள் உள்நாட்டுச் சரக்கு. இரண்டும் புல்பப் அல்ல, வழக்கமான அமைப்புதான். அதுவே நான் சொல்ல வந்ததற்குச் சான்று. அமைப்பு எதுவானால் என்ன? விசையை இழுக்க இழுக்க, அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும் பொறியும், தீரத் தீர மாட்டிக்கொள்ளப் பெரிய பெட்டியும் இருந்தால், பிடி எந்த வடிவில் இருந்தாலும் பிணம் விழும். ஸ்டாக்டனில் ரைபிள் கப்பலில் வந்தது, கதவை அடைத்தார்கள். நியூடவுனில் ரைபிள் கப்பலில் வரவில்லை. எந்தக் கதவை அடைப்பது?

இதைக் கேட்டதும் ஒரு கூட்டம் துள்ளியெழும். "பார்த்தீர்களா! பிடியையும் துளையையும் எண்ணும் சட்டம் கேலிக்கூத்து. ஆகவே சட்டமே வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்று கூவும். அந்த நாட்டுத் துப்பாக்கி வணிகர்களின் வாதம் அதுதான். கேலி செய்யும் வரையில் அவர்கள் சொல்வது உண்மை. முடிவு கட்டும் இடத்தில் அது வஞ்சகம். அளவு தவறாகத் தைத்த சட்டை பிதுங்குகிறது என்றால், அளவெடுத்து வேறு சட்டை தைக்கச் சொல்வான் அறிவுள்ளவன். அம்மணமாகத் திரியச் சொல்ல மாட்டான்.

சரியான அளவு எடுக்க முடியுமா? முடியும் என்று காட்டிய நாடு ஆஸ்திரேலியா. 1996 ஏப்ரல் 28இல் டாஸ்மேனியாத் தீவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அன்றைய பிரதமர் ஜான் ஹோவார்ட், புரட்சிக்காரர் அல்லர், பழமைக் கட்சிக்காரர். பன்னிரண்டே நாளில் மாநிலங்களையெல்லாம் கூட்டி வைத்து ஒப்பந்தம் செய்தார். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள் சாதாரணக் குடிமகனுக்குக் கூடாது என்றார்கள். பிடி எப்படி, துளை உண்டா, எந்த நாட்டுத் தகடு என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. உள்நாடு வெளிநாடு என்ற பேதமும் பார்க்கவில்லை. அந்நாட்டுப் படைக்காக லித்கோ என்னும் ஊரிலே, அந்த ஆஸ்திரியப் புல்பப்பின் வகைதான் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. படைக்குச் செய்யலாம், தெருவுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் சட்டம், ஒரு தொழிலாளி ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்.

விலையின்றிக் கிடைத்ததா அது? இல்லை. ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளைச் சர்க்கார் பணம் கொடுத்து வாங்கி அழித்தது. அந்தப் பணத்துக்காக ஓராண்டுக்கு மருத்துவ வரியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். உழைத்துச் சம்பாதித்தவர்களே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே துப்பாக்கிச் சாவே இல்லையென்று நான் சொல்லவில்லை; இருந்ததுண்டு. எந்தச் சட்டமும் மந்திரக்கோல் அல்ல. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்ட சட்டம் அது: இந்தக் கருவி என்ன செய்யும்? யார் கையில் இருக்கலாம்?

தோழர்களே! சட்டத்தைப் படிக்கும்போது இந்தப் பாடத்தை மறவாதீர்கள். பெயரைக் கண்டு மயங்காதீர்கள், வேலையைப் பாருங்கள். 'விளையாட்டு' என்று பெயர் சூட்டினால் கொலைக்கருவி குழந்தைப் பொம்மை ஆகிவிடாது. பத்தாண்டு ஒரே யந்திரத்தின் முன் நிற்பவனைத் 'தற்காலிகத் தொழிலாளி' என்று ஏட்டில் எழுதினால், அவன் உழைப்பு தற்காலிகம் ஆகிவிடாது. உருவத்தைக் குறிக்கும் சட்டத்தைப் பணமுள்ளவன் உருவை மாற்றித் தாண்டிவிடுவான். துளை போடுவான், தகடு மாற்றுவான், தொழிற்சாலையையே இடம் மாற்றுவான். செயலைக் குறிக்கும் சட்டத்தைத் தாண்ட, அவன் செயலையே நிறுத்தியாக வேண்டும்.

படிப்பகத்தை விட்டுப் புறப்படும்போது கடைசல் தோழர் அந்தப் படத்தை மடித்துப் பையிலே வைத்துக்கொண்டார். "அண்ணே! பட்டறையிலே ஒரு சாமானைத் தேற்ற வேண்டுமானால், வர்ணத்தைப் பார்க்க மாட்டோம். அளவை வைத்துப் பார்ப்போம். அளவே தப்பு என்றால் சாமானையா குறை சொல்வது?" என்றார்.

அதைத்தான் நானும் இத்தனை வரிகளில் சொல்லியிருக்கிறேன். ஸ்டாக்டன் மைதானத்திலே ஆடிக்கொண்டிருந்த அந்த ஐந்து பிள்ளைகளும் உயிரோடிருந்தால், இன்று நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக எழுந்த சட்டம் பிடியை அளந்தது. வெடியை அளக்கும் சட்டத்துக்காக, அந்த நாட்டுத் தாய்மார்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.